ஒன்பது மணிக் கவுண்டர்

ஒன்பது மணி என்றால் அவருக்கு ஒன்பது மணிதான். எட்டு ஐம்பத்தொன்பதுக்கு அந்த ஷட்டர் திறந்து நான் பார்த்ததில்லை. ஒன்பது ஒன்றுக்கு மூடிக் கிடந்தும் பார்த்ததில்லை. ஒரே ஒரு சனிக்கிழமை தவிர. அந்தச் சனிக்கிழமைக்குக் காரணம் நான். இதை மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துவிடுகிற சாமர்த்தியமெல்லாம் எனக்கு வராது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் அவரை ஸ்டோர் சார் என்பார்கள். பட்டாளத்தில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். முப்பது வருடம் செகந்திராபாத்தில் குப்பை கொட்டியும் அவருடைய தமிழ் வேலூரை விட்டு ஓர் அடி நகரவில்லை. நடுநடுவே ஹைதராபாத் உருது மட்டும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. குள்ளமான மனிதர். தேய்த்த வெள்ளைச் சட்டை, பெல்ட்டில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட சாவி. அல்வாலில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் குடியிருந்தார் என்பதே எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அவர் வேலை இதுதான். நாச்சாரத்தில், மூடிப்போன ஒரு பல்பு ஃபேக்டரியின் பின்பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, நரம்பில் போதை ஏற்றிக்கொள்கிறவர்களிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பார். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. இலவசம். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி. வரும், ஈரல் போகும். ஆளுக்கொரு புது ஊசி இருந்தால் அந்த ஆபத்து இல்லை. போதையை விட்டால் நல்லதுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் விடுகிற வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டுமே. இவ்வளவுதான் விஷயம். இது என் மண்டையில் ஏற ஒரு வருடம் ஆயிற்று. பணம் கொடுத்த எங்கள் கம்பெனியின் தானக் கமிட்டிக்குக் கடைசிவரை ஏறவில்லை.

நான் அங்கே போனது என் தம்பியின் பின்னால். அவன் கால் சென்டரில் வேலை பார்த்தான். பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போய், ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டார்கள். வலி போயிற்று, ஊசி போகவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மா, நான், அவன். அம்மா திருநெல்வேலிக்காரி. முழுக்கைச் சட்டையைச் சித்திரை வெயிலிலும் கழற்றாத பிள்ளையை ஒரு கேள்வி கேட்க மாட்டாள். நான் வாயைத் திறந்தால், "பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்ல, அம்புட்டுதான். நீ ஊரக் கூட்டாத ஏட்டி" என்பாள். வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது சட்டம்.

ஒரு நாள் ஆபீசுக்கு மட்டம் போட்டு, ஆட்டோ பிடித்து அவனைத் தொடர்ந்தேன். ரவுடிகளும் இருட்டறையும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால், அங்கே ரேஷன் கடை மாதிரி ஒரு கியூ நிற்கிறது. ஷட்டருக்கு உள்ளே ஒரு மர மேஜை, ஸ்டூல், தடித்த ரிஜிஸ்டர். ஒவ்வொருவர் கையிலும் மூடி போட்ட ஒரு பால்பவுடர் டப்பா, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். "புரானா ரக், நயா லே" என்று சொல்லிக்கொண்டே அவர் பழசை எண்ணிப் பெட்டியில் கொட்டுகிறார், புதுசை எண்ணிக் கொடுக்கிறார். என் தம்பியின் டப்பா முப்பத்தொன்று.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. கியூவைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் மேஜையை அறைந்தேன்.

"நீங்கல்லாம் மனுஷங்களா? ஊசிய வேற கையில குடுத்துக் கொல்றீங்களே!"

அவர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னாமா, கியூல வந்தியா?"

"அவன் என் தம்பி!"

"இங்க தம்பி அண்ணன்லாம் இல்லமா. முப்பத்தொண்ணு." அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "நான் பட்டாளத்துல பூட்ஸ் குடுத்துகினு இருந்தவன். எங்க நடக்கப் போறன்னு ஒருத்தன கேட்டதில்ல. கால் புண்ணாவக் கூடாது, அத்தான் என் டூட்டி. இப்ப நவுரு. பின்னாடி ஆளு நிக்குது."

தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். "நக்கோ அக்கா. லைட் லே" என்றான். வேண்டாம், லேசாக எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஹைதராபாத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எழவு வீட்டிலும் லைட்தான்.

போலீசுக்குப் போவேன் என்று இரண்டு நாள் குதித்தேன். போகவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் நாச்சாரத்துக்குத்தான் போனேன். சண்டை போடப் போய், பார்க்கப் போய், அப்புறம் சனிக்கிழமைதோறும் ரிஜிஸ்டருக்குக் கோடு போட்டுத் தருகிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

அந்த ரிஜிஸ்டரில் பேர் கிடையாது, நம்பர்தான். இரண்டு நாள் ஒரு நம்பர் வரவில்லை என்றால் கியூவைப் பார்த்துக் கேட்பார். "பதினேழு வர்லியே. கீறானா?" இருக்கிறானா என்பதைத்தான் அவர் ஊரில் அப்படிச் சொல்வார்கள். யாராவது "ஹவ் சாப்", அதாவது ஆமாம், என்றால் ஒரு டிக். ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றால் அந்த நம்பர்மேல் சிவப்புக் கோடு. அந்த நம்பரை அதற்கப்புறம் யாருக்கும் கொடுக்க மாட்டார். அறிவுரை, கண்ணீர், கடவுள், குடும்பம், ஒன்றும் பேச மாட்டார். என் தம்பி ஒரு நாள் ரொம்ப உருகிப்போய், "விட்டுடறேன் சார், ப்ராமிஸ்" என்றான். "விட்டா டப்பாவக் கழுவி கொண்டாந்து குடுத்துடு. அது வரிக்கும் ஒம்போது மணி" என்றார். அலமாரியின் மேல்தட்டில் அப்படிக் கழுவித் திரும்பி வந்த டப்பாக்கள் இரண்டு இருந்தன. தினமும் அவரே அவற்றைத் துணியால் துடைத்து வைப்பார். மற்ற எந்தச் சாமானையும் அவர் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு வந்தவர் வீட்டில் ஒரு சோகம் இருந்தே தீரும் என்று நான் மோப்பம் பிடித்துப் பார்த்தேன். செத்துப்போன பிள்ளை, கெட்டுப்போன தம்பி, ஏதாவது. ஒன்றும் இல்லை. இரண்டு பெண்கள், நன்றாக இருந்தார்கள். "ஏன் சார் இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டால், "வேகன்சி இருந்திச்சு" என்பார். இரண்டாவது பெண்ணின் கல்யாண முகூர்த்தத்தை அடம்பிடித்து விடியற்காலை ஐந்தரைக்கு வைக்கச் சொன்னவர் இவர். ஒன்பதுக்குக் கவுண்டரில் இருந்தார், நெற்றியில் சந்தனமும் பட்டு வேட்டியுமாக. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஊசியோடு ஒரு லட்டு. "என்னைக் கட்டிக்கினாரா, அந்த ஷட்டரக் கட்டிக்கினாரான்னு எனக்கே தெரில" என்று அவர் மனைவி என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். பந்த் நாட்களில் ஸ்கூட்டரை எடுத்தால் கல் விழும் என்று, காலை ஆறு மணிக்கே அல்வாலிலிருந்து நடக்கத் தொடங்குவார். "பந்த் நமக்குத்தான்மா. நரம்புக்கு ஏது பந்த்?"

இதெல்லாம் ஓடியது ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையின் பணத்தில். மூன்று வருடத்துக்குக் கொடுத்திருந்தார்கள். முடிகிற சமயத்தில் அங்கிருந்து ஒரு அம்மாள் பார்வையிட வந்தார். நல்ல மனுஷி, வெயிலில் நின்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில், "ஒரு வெற்றிக் கதை வேண்டுமே, போட்டோவோடு" என்றார். ஸ்டோர் சார் கியூவைக் காட்டினார். "இதோ, எல்லாரும் கீறாங்க." நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டார். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. அறக்கட்டளையின் கவனம் இனிமேல் பள்ளிக் குழந்தைகள் பக்கம் போகிறதாம், வாழ்த்துகளாம்.

ஊசி இருப்பு இரண்டு மாதத்துக்குக்கூட வராது. மருந்துக் கடையில் காசு கொடுத்தாலும் இந்தப் பிள்ளைகளின் மூஞ்சியைப் பார்த்து ஊசி தர மாட்டார்கள். கவுண்டர் போனால் தம்பி அடுத்த நாளே இன்னொருவன் ஊசியை வாங்குவான். அவன் போதையை விடப்போகிறான் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்கு அப்போது வற்றிவிட்டது. அவன் உயிரோடு இருந்தால் போதும். அது ஒன்றுதான் என் பிரார்த்தனை.

அப்போது எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு தானக் கமிட்டி இருந்தது. ஊழியர்கள் சம்பளத்திலிருந்து கொடுப்பார்கள், கம்பெனி அதே அளவு போடும். அநாதை இல்லம், கண் ஆஸ்பத்திரி, அரசுப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர். இப்படித்தான் கொடுப்பார்கள். போதை ஊசி என்று சொன்னால் காகிதத்தைக் கையால்கூடத் தொட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? விண்ணப்பம் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. போதை மீட்பு மையம் என்று எழுதினேன். ஆலோசனை, மறுவாழ்வு, சுகாதாரப் பொருட்கள் வழங்குதல். ஊசி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

ஸ்டோர் சார் என்னைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இதுல நம்ம ஊசி எங்கமா கீது?"

"சுகாதாரப் பொருள்னு போட்டிருக்கேன் சார்."

"ஸ்டாக்ல இருக்கறத இல்லன்னு எழுதினாலும் திருட்டு, இல்லாதத இருக்குதுன்னு எழுதினாலும் திருட்டு. பட்டாளத்துல ரெண்டுக்கும் ஒரே தண்டனை."

"இது பட்டாளம் இல்ல சார். ரெண்டு மாசம் கழிச்சு வெறும் மேஜைய வச்சுக்கிட்டு உக்காருவீங்களா?"

அவர் சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். மையத்தின் டிரஸ்ட் செயலாளர், தார்நாகாவில் இருந்த ஒரு வயதான டாக்டர், நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

கமிட்டிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை. பணம் தருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை ஊழியர்கள் முப்பது பேர் மஞ்சள் டிஷர்ட்டில் வந்து தொண்டு செய்வார்கள். எங்கள் கம்பெனியில் தொண்டு என்றால் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது. எந்த இல்லத்துக்குப் போனாலும் சுவர்தான். பூ, புறா, வானவில் போட்டு, அதன் முன்னால் போட்டோ எடுத்து, சமோசா சாப்பிட்டு வருவோம். நானே நாலு இல்லத்தில் அடித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம் போய் நின்றேன்.

"நாளைக்கு ஒன்பதுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் ஷட்டர இறக்கியே வைங்க சார். அவங்க வெளிச்சுவர்தான் அடிப்பாங்க. போனதும் திறந்துக்கலாம். ரெண்டே மணி நேரம்."

"நக்கோ."

"அவங்க முன்னாடி ஊசி குடுத்தா பணம் வராது சார்."

"வராங்காட்டி போவுது. ஒம்போதுன்னு சொல்லி வெச்சிகீறேன்மா. நம்பி வரானுங்க. வேற ஒண்ணும் அவனுங்களுக்கு நம்பறதுக்கு இல்ல."

நான் அழுதேன். சும்மா இல்லை, மேஜையில் தலையை வைத்து, அக்கம்பக்கத்து ஒர்க் ஷாப்காரர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி அழுதேன். "என் தம்பிக்காகத்தான் சார் கேக்கறேன். இந்தக் கவுண்டர் போச்சுன்னா அவன் செத்துடுவான்." இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

கடைசியில், "ரெண்டு மணி நேரம். மேல ஒரு நிமிசம் ஆனாலும் தூக்கிடுவேன்" என்றார். அன்றைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு எல்லோருக்கும் இரட்டிப்பாகக் கொடுத்து, விஷயத்தைச் சொல்லி அனுப்பினார். ரிஜிஸ்டரைப் பார்த்து, "முப்பத்தொண்ணு இன்னிக்கி வர்ல. நீ வூட்ல சொல்லிடு" என்றார்.

நான் சொல்லவில்லை. வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று சட்டம் இருந்ததே. அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள், தம்பி எதிரில் உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தான், நான் ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். அவன் எப்போதும் மத்தியானத்துக்கு மேல்தானே போவான், அதற்குள் திறந்துவிடும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை முப்பது மஞ்சள் டிஷர்ட்டும் வந்து பத்தரைக்குள் சுவரை முடித்துவிட்டார்கள். அத்தனை உற்சாகம். இன்னும் பெயிண்ட் மீந்திருந்தது. நான் சமோசா பெட்டியைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஷட்டர்மேல் பாதிச் சூரியன் உதித்திருந்தது. எனாமல் பெயிண்ட். பதினோரு மணிக்கு ஸ்டோர் சார் சாவியோடு வந்து நின்றபோது சூரியன் முழுசாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒரு பெண் ஓடிவந்தாள். "அங்கிள், ப்ளீஸ், தூக்கிடாதீங்க, எல்லாம் ஈஷிக்கும். நாளைக்குத் திறங்களேன். கமிட்டித் தலைவர் போட்டோவுக்கு மூணு மணிக்கு வர்றார்."

உள்ளே போக வேறு வழி கிடையாது. ஊசி அத்தனையும் உள்ளே. அவர் குனிந்து பூட்டில் சாவியை நுழைத்துவிட்டார். நுழைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் இரண்டு கையையும் கூப்பினேன்.

அவர் சாவியை உருவிக்கொண்டார்.

ஆறு மணி வரைக்கும் ஸ்டூலைப் போட்டு வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் யார் தலையாவது தெரிந்தால் எழுந்து ஓடுவார். அவர்கள் மஞ்சள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அதற்குள் மறைந்துவிடுவார்கள். போட்டோவில் நிற்க வரமாட்டேன் என்றுவிட்டார். பணம் அடுத்த வாரமே வந்தது. அந்தச் சூரியன் எங்கள் கம்பெனிப் பத்திரிகையின் அட்டையில் வந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் எல்லோரையும் அரசு ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். முந்தைய இரண்டு தடவையும் தம்பிக்கு ஒன்றும் இல்லை. இந்தத் தடவை எச்.ஐ.வி. இருந்தது.

மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடத்தில் வைத்து அவனைக் கேட்டேன். அவன் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னான்.

"அன்னிக்கி சாட்டர்டே வந்தேன் அக்கா. அன்னிக்கி சீக்கிரமே வந்துட்டேன். நீ மஞ்ச டிஷர்ட்ல சமோசா குடுத்துட்டு இருந்த. நான் தெருமுனைல நின்னு கைகூட ஆட்டினேன், நீ பாக்கல. ஷட்டர் மூடி இருந்துச்சு. சரின்னு ரயில் ட்ராக் பக்கம் போயிட்டேன். அங்க ஒருத்தன்கிட்ட இருந்துச்சு."

"எத்தன தடவ?"

"அந்த ஒரே தடவதான். சச்சி, சத்தியமா. லைட் லே அக்கா, நீ ஏன் அழற?"

எந்த நாளில் வந்தது என்று பரிசோதனையில் தெரியாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அவர் நல்லவர். எந்த நாள் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே நாச்சாரத்துக்குப் போய் ஸ்டோர் சாரிடம் சொன்னேன். திட்டுவார், திட்டட்டும், நாலு அறை விட்டாலும் தேவலை என்றுதான் போனேன். அவர் கேட்டுக்கொண்டே ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டி, அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். ஊசிக் கணக்கு ஒன்றும் இல்லாத ஒரே பக்கம். நடுவில் பட்டாளத்து எழுத்தில் ஒரு வரி. 'இன்று கவுண்டர் திறக்கவில்லை. பொறுப்பு: நான்.' கீழே முழுக் கையெழுத்து, அன்றைய தேதியோடு.

"இத அடிச்சிட்டு என் பேர எழுதுங்க சார்."

"சாவி யார் கைல இருந்திச்சு?"

"உங்க கைலதான். ஆனா நான்தானே..."

"அப்ப என் கையெழுத்துதான். ஸ்டோர்ல கொறஞ்சா ஸ்டோர்காரன் பொறுப்பு. அழுதவங்கள கேக்க மாட்டாங்க." ரிஜிஸ்டரை மூடிவிட்டார். "தம்பி கீறான் இல்ல? ஆஸ்பத்திரில மாத்திர குடுப்பாங்க, உட்டுடாம துன்ன சொல்லு. நாளைக்கு ஒம்போதுக்கு வரச் சொல்லு."

அவன் போகவில்லை. அவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றான். அதனால் நான் போனேன். முப்பத்தொன்றாம் நம்பர் டப்பாவை லேப்டாப் பைக்குள் வைத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் ஒன்பது மணிக்குக் கியூவில் நின்றேன். எனக்கென்று தனி மரியாதை ஒன்றும் கிடையாது. "முப்பத்தொண்ணு. கீறானா?" "இருக்கான் சார்." ஒரு டிக். பழசைக் கொட்டுவார், புதுசை வைப்பார், "நவுரு" என்பார். ஷட்டர் ஏறும்போது அந்தச் சூரியன் சுருண்டு உள்ளே போகும். ஈஷிப்போய், ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

ஒரு சனிக்கிழமை அவசரத்தில் டப்பாவை எடுக்காமல் கிளம்பிவிட்டேன். வாசலைத் தாண்டும்போது அம்மா பின்னாலேயே வந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை.

"ஏட்டி, இத மறந்துட்டுப் போறியே. தம்பிக்கு வேணும்லா."

பையைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் அதைப் பற்றி அம்மா பேசியது அவ்வளவுதான்.

வருடம் முடிந்து பணத்தைப் புதுப்பிக்கிற நேரம் வந்தபோது, கமிட்டித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். எத்தனை பேர் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்கு மறுபடியும் எழுதத் தெரியும், முன்னைவிட நன்றாகவே எழுதுவேன். எழுதவில்லை. அங்கே நாங்கள் ஊசி கொடுக்கிறோம், என் தம்பி அங்கே வருகிறவன், நீங்கள் வந்து பெயிண்ட் அடித்த அன்று கவுண்டரை மூடச்சொன்னது நான், அன்று அவனுக்கு வந்த நோய் இது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "என்னை மன்னிச்சிடுங்க. ஆனா சம்பளத்துல குடுக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? போதைக்கு ஊசி வாங்கிக் குடுத்தோம்னா?" என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கும் கல்லூரியில் படிக்கிற பையன் இருந்தான். பணம் நின்றது.

பல்பு ஃபேக்டரிக்காரர் அறையைக் கேட்டார். ஸ்டோர் சார் தன் பட்டாளத்து இரும்பு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து அதே சுவரின் ஓரமாக, நாங்கள் வரைந்த புறாவுக்குக் கீழே போட்டார். அதுதான் கவுண்டர். ஒன்பது மணிக்குப் பெட்டி திறக்கும். பென்ஷனிலும், தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒருவரின் தயவிலும் எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவு. ஐந்து கேட்டவனுக்கு இரண்டு. ரிஜிஸ்டரில் சிவப்புக் கோடுகள் கூடிக்கொண்டே வந்தன. "இன்னாமா பண்றது, பத்தல" என்று அவர் சொல்லி நான் முதல்முறையாகக் கேட்டது அந்த நாட்களில்தான். அலமாரிமேல் இருந்த இரண்டு டப்பாக்களை மட்டும் பெட்டி மூடியின் உட்புறம் கம்பி கட்டி மாட்டியிருந்தார்.

அந்த மழைக்காலத்தில் தம்பிக்கு டி.பி. வந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். நான் நாச்சாரத்துப் பக்கம் போகவில்லை, சொல்லியனுப்பவும் இல்லை. என்னைக் கேட்காமல் முப்பத்தொன்றுக்கு அவர் கோடு போட மாட்டார் என்று தெரியும். கடைசி இரண்டு நாள் அவன் பேச்சு அவ்வளவாக இல்லை. ஒரு தடவை அம்மாவைத் தமிழில் கூப்பிட்டான். மற்றபடி தெலுங்கிலும் உருதுவிலும் யார்யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை, டப்பாவைக் குழாயடியில் வைத்துக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு பொருளை வாங்கின இடத்தில் திருப்பிக் கொடுக்கும்போது கழுவித்தானே கொடுப்போம்? அம்மா அதை வாங்கி முந்தானையால் ஈரம் துடைத்துக் கொடுத்தாள்.

ஒன்பது மணிக்குக் கியூவில் நின்றேன். என் முறை வந்ததும் டப்பாவைப் பெட்டியின்மேல் வைத்தேன். அவர் வழக்கம்போலக் குனிந்தபடியே மூடியைத் திறந்து, பழசைக் கொட்டக் கவிழ்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. சுத்தமாக, காய்ந்து, பளபளவென்று இருந்தது.

அவர் நிமிர்ந்தார். அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. பெண் கல்யாணத்தன்றுகூட இல்லை. மூன்றாவது டப்பாவை மாட்டுவதற்குப் பெட்டி மூடியின் பக்கம் கை போய்விட்டது.

"உட்டுட்டானா?" என்றார். "முப்பத்தொண்ணு உட்டுட்டானா!"

நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க முடியவில்லை.

அவர் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கி டப்பாவைத் தொட்டது. உள்ளே பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்து பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை. ரிஜிஸ்டரை இழுத்து, சிவப்புப் பேனாவை எடுத்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். எத்தனை பேருக்குப் போட்டவர், அன்றைக்குக் கோடு கோணிக்கொண்டு போயிற்று.

நான் அங்கேயே நின்றேன். என்னிடம் ஏதாவது சொல்வார், அல்லது அன்றைக்கு ஒரு நாளாவது பெட்டியை மூடிவிட்டு எழுந்து வருவார் என்று நின்றேனோ என்னவோ. நான் அழுததற்காக அவர் ஒரு தடவை மூடியவர்தானே.

"நவுருமா" என்றார். "பின்னாடி ஆளு நிக்குது."

நான் நகர்ந்தேன்.